ஆர்டர் இல்லாமல் சொந்தக் காசில் ஒரு சிலை வார்க்கலாமா?

அரசலாறு

எல்லோருக்கும் வணக்கம். ஒரு தொழில் கேள்வி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவாமிமலைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன வார்ப்புப் பட்டறை இருக்கிறது. வேலையில் பெரும்பகுதி கோயில் ஆர்டர்தான்: உற்சவர், அம்பாள், சோமாஸ்கந்தர், நால்வர். மிச்சம், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் வீட்டுக்கும் பரதநாட்டியப் பள்ளிகளுக்கும் கேட்கும் நடராஜர். எல்லாமே அச்சாரம் கைக்கு வந்த பிறகு தொடங்குகிற வேலை. உயரம், எடை, கலவை, நாள் எல்லாம் பேசி முடித்துத்தான் மெழுகைத் தொடுவோம்.

இப்போது யாரும் கேட்காத ஒன்றைச் செய்து வைத்திருக்கிறேன். நாற்று நடும் மூன்று பெண்கள், ஒரே பீடத்தில் வரிசையாகக் குனிந்த நிலை. மெழுகு உருவம் தயார். முதல் பெண்ணின் இடது கையில் நாற்று முடி, வலது கை சேற்றுக்குள் இறங்குகிறது. இரண்டாவது பெண் தலையை மட்டும் திருப்பிப் பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ சொல்கிறாள். முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிய சேலையின் மடிப்பு நான் நினைத்தபடியே வந்திருக்கிறது. தெய்வ உருவத்துக்கு அளவு சொல்லும் தாலக் கணக்கு இதற்குக் கிடையாது, உருவம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் தியான சுலோகம் கிடையாது. வயலில் பார்த்ததுதான் அளவு.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்குடா. பூசைக்குப் போகாத உருவத்தை யார் வாங்குவா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் செய்வோம். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை வழுவழுவென்று அரைத்து முதல் பூச்சு. பிறகு சொரசொரப்பான மண்ணில் அடுத்தடுத்த பூச்சு, கம்பிக் கட்டு. சுட்டதும் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அந்த வெற்றிடத்தில் மூசையிலிருந்து (உருக்கும் கலம்) உலோகத்தை ஊற்றுகிறோம். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று தெரியும். அச்சில் ஈரம் இருந்தாலோ, காற்று வெளியேற வழி இல்லாமல் போனாலோ விரல் நுனி வராது, முகத்தில் ஓட்டை விழும். அப்படி ஆனால் உலோகத்தைத் திரும்ப உருக்கிக்கொள்ளலாம். மெழுகில் போட்ட மாதக்கணக்கான வேலை போனது போனதுதான்.

செம்பு விலையும் நம் கையில் இல்லை. 2024 மே மாதத்தில் லண்டன் சந்தையில் டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியது. அங்கே ஏறினால் இங்கே கும்பகோணத்துக் கடையில் அடுத்த வாரமே ஏறுகிறது.

என் கேள்வி இதுதான். டெல்டாவில் பாட்டு, பட்டு, படம், சினிமா என்று பல தொழிலில் இருப்பவர்கள் இங்கே எழுதுகிறீர்கள். உங்கள் தொழிலில் புதுசாக ஒன்று செய்தால், அது போகவில்லை என்றால், நஷ்டத்தை யார் தாங்குகிறார்கள்?

வெண்ணாறு

தஞ்சாவூரில் ஓவியக் கடை வைத்திருக்கிறேன். நேராகச் சொல்கிறேன் தம்பி, புதுசு என்பதற்காக மட்டும் எவரும் காசு கொடுப்பதில்லை. வீட்டுக்கு வாங்குபவருக்கு வெண்ணெய்க் கிருஷ்ணர் வேண்டும், லட்சுமி வேண்டும், பெருமாள் வேண்டும். அதை நல்லபடியாகச் செய்து கொடுப்பதில் கேவலம் எதுவும் இல்லை.

டிடி ஏரியா

சினிமா விநியோக ஆபீசில் பல வருஷம் கணக்கு எழுதியவன். திருச்சி-தஞ்சாவூர் ஏரியா. தமிழ்நாட்டுப் பட வியாபாரத்தைச் செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை, நெல்லை என்று பிரித்து வைத்திருப்பார்கள் அல்லவா, அதில் நம்ம ஏரியாவுக்கு 'டிடி' என்று பேர்.

நீங்கள் கேட்ட கேள்விதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். ஒரு படம் ஓடுமா ஓடாதா என்று ரிலீஸ் அன்று காலைக் காட்சி வரைக்கும் யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படி விற்பது? அதற்கு நாலு வழி வைத்திருந்தார்கள். ஒன்று அவுட்ரைட்: மொத்தமாகக் காசு கொடுத்து உரிமை வாங்குவது, லாபமோ நஷ்டமோ வாங்கியவன் பாடு. இரண்டு எம்.ஜி., அதாவது மினிமம் கியாரண்டி: தியேட்டர்காரர் ஒரு தொகையைக் கொடுத்துவிடுவார், வசூல் குறைந்தாலும் அது திரும்பி வராது, கூடினால் மேலே வருவதில் பங்கு. மூன்று அட்வான்ஸ்: வசூல் வராவிட்டால் மிச்சத்தைத் திருப்பித் தரவேண்டும். நான்கு வெறும் கமிஷன்: விநியோகஸ்தர் ஓட்டித் தருவார், நஷ்டம் முழுக்கத் தயாரிப்பாளர் தலையில்.

இதைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். நட்சத்திரப் படத்துக்கு எம்.ஜி. கேட்பார்கள், புதுமுகப் படத்துக்குக் கமிஷன்தான் கிடைக்கும். பழகியதைச் செய்பவனுக்கு நஷ்டத்தைத் தாங்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. புதுசு செய்பவன் தனியாக நிற்கிறான். அப்படியும் புதுப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஏன்? ஓடாத பத்துப் படத்தின் கடனை ஓடிய ஒரு படம் அடைத்துவிடும். பெரிய கம்பெனிகள் அந்த ஒன்றை நம்பித்தான் மற்றதை எடுத்தன.

இன்னொன்று. டெல்டாவில் படம் எப்போது ஓடும் என்பதை ஆறுதான் முடிவு செய்தது. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் தை மாதத்தில் சுமாரான படமும் ஓடும். நடவு நேரத்தில் எவ்வளவு நல்ல படமும் ஈ ஓட்டும். டூரிங் டாக்கீஸ் காலத்தில் கீற்றுக் கொட்டகைக்காரர் மேட்டூர் திறந்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் படத்துக்கு விலை பேசுவார். ஜூன் 12-க்குத் திறந்தால் ஒரு விலை, தள்ளிப்போனால் வேறு விலை.

அரசலாறு

டிடி ஏரியா அண்ணே, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னதில் எங்களுக்கு ஒட்டாத இடம் ஒன்று இருக்கிறது. பிரச்சினையே அங்கேதான்.

படம் ஓடினால் அதே படத்தை இன்னும் நூறு தியேட்டரில் போடலாம். கூடுதல் செலவு பெரிசாக இல்லை. அதனால்தான் ஒன்று பத்தைத் தூக்குகிறது. எங்கள் வேலையில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறோம். ஒன்று நன்றாகப் போய்விட்டது என்றால், அடுத்ததுக்கு மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். அதே நாள், அதே கூலி, அதே செம்பு. ஆக, ஜெயித்தால் ஒரு சிலையின் லாபம். தோற்றால் ஒரு சிலையின் முழு நஷ்டம். எங்கள் வேலையில் ஒன்று பத்தைத் தூக்குவது கிடையாது.

பட்டறைகள் அதே நடராஜரைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்து, "இவர்களுக்குக் கற்பனை வறண்டுவிட்டது" என்று வெளியே இருந்து எழுதுகிறார்கள். மனசு வலிக்கிறது. எங்கள் தெருவிலேயே பரணில் புது உருவத்தின் வரைபடங்கள் இருக்கின்றன. போட்ட காசு திரும்பாது என்று தெரிந்தே மடித்து வைத்தவை.

தறிமேடை

திருபுவனத்திலிருந்து எழுதுகிறேன். பட்டு நெசவு. கூட்டுறவுச் சங்க உறுப்பினர்.

நீங்கள் தேடுகிற ஏற்பாடு எங்களிடம் இருக்கிறது. பட்டு நூல் சங்கம் கொடுக்கிறது, ஜரிகை சங்கம் கொடுக்கிறது. நெய்து கொடுத்தால் கூலி. சேலை விற்றதா, அலமாரியில் கிடக்கிறதா என்பது என் கவலை இல்லை. சரக்குத் தேங்கினால் பண்டிகைத் தள்ளுபடியில் அவர்களே தள்ளிக்கொள்வார்கள். இந்த ஏற்பாடு இல்லை என்றால் இந்த ஊரில் தறிச் சத்தம் எப்போதோ நின்றிருக்கும். அதை நன்றியோடு சொல்கிறேன்.

ஆனால் நஷ்டம் என்னுடையது இல்லை என்றால் டிசைனும் என்னுடையது இல்லை. ஒரு புதுக் கரை வேண்டும் என்றால் கட்டத்தாளில் வரைந்து, தறியில் டிசைனை எடுக்கும் ஜக்கார்டு கருவிக்குத் துளை அட்டை வெட்ட வேண்டும். முந்திக்கு ஒரு செட், கரைக்கு ஒரு செட். அந்தச் செலவு ஒரு சேலைக்குக் கட்டாது, பல சேலை நெய்தால்தான் கட்டும். அதனால் ஷோரூமில் எந்த நிறம் போகிறதோ அந்த நிறம், எந்தக் கரை போகிறதோ அந்தக் கரை. மயில்கழுத்து நிறத்தில் நெல்மணிக் கரை ஒன்று மனசுக்குள் ரொம்ப நாளாக இருக்கிறது. சொன்னேன். "இதைக் கேட்டு யார் வந்தாங்க?" என்றார்கள். அவர்களிடமும் தப்பு இல்லை, போகாவிட்டால் அவர்கள்தானே கணக்குச் சொல்ல வேண்டும்.

தனியார் மாஸ்டர் நெசவாளரிடம் போனால் புது டிசைனுக்குக் கூலி கூடவே கிடைக்கும். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் நெய்வதற்குப் பாவு நூல் கிடைக்காது, வேலை இருக்காது. எது வேண்டும் என்று வீட்டில் கேட்டால் மாசாமாசம் வருகிற கூலியைத்தான் சொல்வார்கள்.

எங்கள் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசிறி மடிப்பாக மடித்து வைத்த சேலையைக் கடையில் பிரித்துக் காட்டும்போது வாங்குபவர்கள் இப்போது அதைப் பற்றிக் கேட்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. கூலிப் பட்டியலில் அது தெரியவில்லை.

அரசலாறு

தறிமேடை அண்ணன் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நஷ்டத்தைத் தாங்குகிறவர் யாரோ, அவர்தான் உருவத்தையும் முடிவு செய்கிறார். கோயில் காசு கொடுத்தால் ஆகமப்படி. சங்கம் காசு கொடுத்தால் ஷோரூம்படி. தியேட்டர் காசு கொடுத்தால் நட்சத்திரத்தின்படி. நானே தாங்கினால் என் இஷ்டப்படி, ஆனால் ஒரே ஒரு தடவை. நஷ்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து நாலு பேர் தாங்க முடியுமா என்பதுதான் நான் தேடுவது.

வெண்ணாறு

தாங்குபவர்தான் முடிவு செய்கிறார் என்பது சரி. அதனால் கலை கெட்டுப்போகிறது என்று போகாதீர்கள். அங்கே நான் மறுக்கிறேன்.

தஞ்சாவூர் அரண்மனை இருந்த வரைக்கும் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் படத்துக்கும் ராஜா காசு கொடுத்தார். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், கம்பெனிக்காரன் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டான். கலைஞர்கள் மைசூருக்கும் திருவாங்கூருக்கும் சென்னைக்கும் போனார்கள். அதோடு எல்லாம் செத்துப்போயிற்றா? மராத்திக் கீர்த்தன முறையையும் நம்ம பாட்டையும் சேர்த்துத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் கதாகாலட்சேபத்தைப் புது வடிவத்தில் கொண்டு நிறுத்தியது அதற்கு அப்புறம்தான். ராஜா இல்லை, கேட்க வந்த கூட்டம் இருந்தது. சென்னையில் சபாக்கள் வந்தன, டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவன் ஒரே ராகத்தை ராத்திரி முழுக்கக் கேட்க மாட்டான். சின்னச் சின்ன உருப்படிகளைக் கோத்து இரண்டரை மூன்று மணி நேரக் கச்சேரியாக அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் செப்பனிட்டார். இன்றைக்கும் மேடையில் அதுதான் நடக்கிறது. காசு கொடுத்துக் கேட்டவர்கள் வந்ததால் பிறந்த புதுமை அது.

என் கடையில் மூன்று தரம் வைத்திருக்கிறேன். பலாப்பலகை, புளியங்கொட்டைப் பசை, 22 காரட் தங்கத் தாள் போட்டது ஒன்று. பிளைவுட்டில் அதே தங்கத் தாள் ஒன்று. செயற்கைத் தாள் ஒட்டியது ஒன்று. எது எது என்று ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதி வைத்திருக்கிறேன், மறைப்பது கிடையாது. மூன்றாம் தரம் கடை வாடகையைக் கட்டுகிறது. அந்தக் காசில்தான் ஒரு ஓவியர் எந்த ஆர்டரும் இல்லாமல் ஒரு பெரிய படம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் என்ன போடுகிறார் என்று நான் கேட்பதில்லை.

நாணல்தட்டை

வெண்ணாறு சார் சொன்னதற்குப் பக்கத்தில் ஒரு சம்பவத்தை வைக்கிறேன். நான் நாகஸ்வரம் வாசிக்கிறவன், மாயவரம் பக்கம்.

பழைய திமிரி நாயனத்தில், அதாவது குட்டையான நாகஸ்வரத்தில், சுத்த மத்தியமம் என்ற 'ம' ஸ்வரம் சுத்தமாக நிற்காது. வாசிக்கிறவர் உதட்டாலும் மூச்சாலும் சமாளிக்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு அது போதவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1955-இல் நீளம் கூட்டி, துளைகளின் இடத்தைத் திருத்தி, சுத்த மத்தியமம் தன் இடத்தில் பேசுகிற பாரி நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். இன்றைக்கு நாங்கள் கச்சேரியில் வாசிக்கிறது அதைத்தான்.

இதில் நஷ்டம் யாருடையது என்று பாருங்கள். ஆச்சா மரம் கடையில் போய் வாங்குகிற மரம் இல்லை. பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரம், தூண், அதில்தான் செய்ய வேண்டும். பச்சை மரம் வெடிக்கும். ஒரு துளை இம்மி தள்ளிப்போனால் மொத்தக் குழலும் வீண். அத்தனையும் ஆசாரியின் கைவேலையில் போகிற நஷ்டம். அதைத் தாண்டி அவர் செய்தார் என்றால், எதிரில் நின்றவர் ராஜரத்தினம் பிள்ளை. வாசித்துப் பார்த்து 'இங்கே போதாது' என்று சொல்லத் தெரிந்தவர். சரியாக வந்துவிட்டால் ஊர் ஊராக வாசித்துக் காட்டப்போகிறவர். 1947 ஆகஸ்ட் 14 ராத்திரி டெல்லியில் வாசித்த கை அது. அவர் கையில் எடுத்த வாத்தியத்தை மற்ற வித்துவான்கள் மறுப்பார்களா?

அதனால் சந்தை என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். வேலை தெரிந்த ஒரே ஒரு வாடிக்கையாளர், செய்பவர் பக்கத்திலேயே நிற்பவர், அவர் இருந்தால் போதும். அரசலாறு தம்பிக்கு அப்படி ஒருவர் வேண்டும்.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் 2022-இல் புவிசார் குறியீடு வந்தது. வாத்தியத்துக்குப் பாதுகாப்பு வந்தாயிற்று. வாசிக்கிறவன் நிலைமை வேறு. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்கள். சித்திரை, வைகாசி முகூர்த்தம் மொத்தமும் போனது. வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு, "வச்சுக்குங்க, அடுத்த கல்யாணத்துக்குப் பாத்துக்கலாம்" என்றவர்களும் உண்டு. இரண்டாவது சொன்ன குடும்பங்களின் பெயரை நாங்கள் சாகிற வரைக்கும் மறக்க மாட்டோம்.

குடமுருட்டி

சட்டம் படித்தவன். புவிசார் குறியீடு பற்றி இரண்டு பேர் தொட்டீர்கள், அதைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

1999-ஆம் வருஷச் சட்டம் காப்பது பெயரை. 'சுவாமிமலை' என்ற பெயரைப் போட்டு வேறு ஊர்க்காரர் விற்கக் கூடாது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அந்தப் பெயரைப் பயன்படுத்தும் பட்டறையும் தனியாகப் பதிய வேண்டும், பலர் இதைச் செய்வதில்லை. ஆனால் அந்தக் குறியீடு ஒரு புது உருவத்தைக் காக்காது. உங்கள் நாற்று நடும் பெண்களைப் பார்த்து வடக்கே ஒருவர் மணல் அச்சில் ஆயிரம் பித்தளைப் பொம்மை போட்டு, சுவாமிமலை என்று சொல்லாமல் விற்றால், குறியீட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அதற்குப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது, 1957. சிற்பமும் அதில் கலைப்படைப்புதான். செய்தவர் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 வருஷத்துக்கும் உரிமை. நடராஜருக்கு யாரும் உரிமை கோர முடியாது. இந்தப் பெண்கள் உங்கள் கற்பனை, கோரலாம். ஒரு கவனம்: டிசைனாகப் பதியக்கூடிய ஒன்றைப் பதியாமல், தொழில்முறையில் 50-க்கு மேல் நகல் எடுத்தால் அந்த உரிமை போய்விடும் என்று 15-ஆம் பிரிவு சொல்கிறது. சின்ன நினைவுப் பரிசாகப் பெருக்கி விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் டிசைன் பதிவு செய்யுங்கள். இப்போதே மெழுகு உருவத்தை எல்லாப் பக்கமும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

செலவு பற்றி ஒன்று. 1966-இல் பவுமல், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் மேடைக் கலைகளின் கணக்கை ஆராய்ந்தார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வர வர ஒரு பொருளுக்கு ஆகும் ஆள்நேரம் குறைகிறது. நாலு பேர் வாசிக்கும் இசைக்கு நூறு வருஷம் முன்னால் எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேவையோ, இன்றும் அதேதான். வெளியே கூலி ஏறும்போது இங்கேயும் ஏறத்தான் செய்யும், உற்பத்தி மட்டும் ஏறாது. ஒரு சோமாஸ்கந்தருக்கு மெழுகு பிடிக்கவும் நாகஸ்வரத்தில் ஒரு மல்லாரி வாசிக்கவும் அதே கணக்குத்தான். 'திறமையாக நடத்தினால் லாபம் வரும்' என்று யாராவது அறிவுரை சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைமடை

வேதாரண்யம் பக்கம், பள்ளிக்கூட ஆசிரியர், கொஞ்சம் நிலமும் உண்டு. கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரைக்கும் கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்று கேள்விப்பட்டேன். அதைப் பார்க்கலாமே தம்பி?

அரசலாறு

நல்ல திட்டம் சார். அரைக்கும் இயந்திரம், உலை எல்லாம் வாங்க உதவும். மானியப் பகுதி மட்டும்தான் நஷ்டத்தைத் தாங்கும், மிச்சம் கடன். சிலை விற்காவிட்டாலும் தவணை கட்டியே ஆக வேண்டும்.

அரசாங்கம் நேராகத் தாங்கியதும் உண்டு. 2023-இல் டெல்லி ஜி20 மண்டபத்து வாசலில் நிற்கும் 27 அடி நடராஜரை சுவாமிமலை ஸ்தபதிகள்தான் மெழுகு முறையில் வார்த்தார்கள். அவ்வளவு பெரிய உருவத்தை எந்தப் பட்டறையும் சொந்தப் பொறுப்பில் தொடவே முடியாது. இந்திரா காந்தி தேசியக் கலை மையம் ஏற்பாடு செய்ததால் நடந்தது. எங்கள் தெருவே அதைப் பார்த்து நிமிர்ந்தது. ஆனால் என்ன உருவம் என்பது அங்கேயும் கொடுத்தவர்கள் சொன்னதுதான்.

கடைமடை

சரி, கடன் வேண்டாம். வேறு ஒன்று சொல்கிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தினாரே, அவர் எப்படி நடத்தினார் என்பதைக் கவனியுங்கள். பாரம்பரிய நெல் போட விவசாயிக்குப் பயம். விளையுமா, விலை போகுமா, தெரியாது. அவர் 2 கிலோ விதையைக் காசு வாங்காமல் கொடுப்பார். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். வயலும் உழைப்பும் விவசாயியுடையது, விதை அவருடையது. ஒருவர் தலையில் முழு நஷ்டமும் விழவில்லை. 2018 டிசம்பரில் அவர் போய்விட்டார். அதற்குள் 170-க்கு மேற்பட்ட ரகங்களை மீட்டிருந்தார்.

அதே 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் எங்கள் பக்கம் கரை கடந்தது. தென்னை எல்லாம் படுத்துவிட்டது. அடுத்த திருவிழாவுக்குப் பணம் இல்லை, எங்கள் ஊரில் மேளத்தைக் குறைத்தார்கள், நாடகத்தை நிறுத்தினார்கள். நாணல்தட்டை ஐயா சொல்கிற முகூர்த்த நஷ்டம் எங்களுக்குப் புயலில் வந்தது. டெல்டாவில் கலைக்குக் காசு வயலிலிருந்துதான் வருகிறது, வயல் போனால் எல்லோருக்கும் சேர்ந்தேதான் போகிறது. அதனால் தாங்குகிற நாலு பேரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கக் கூடாது. ஒருவர் சென்னை, ஒருவர் வெளிநாடு என்று இருக்கட்டும்.

டிடி ஏரியா

கடைமடை சார் சொன்னதும் எனக்குக் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.

அரசலாறு, உங்கள் செலவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று உலோகம், இன்னொன்று உழைப்பு. வார்ப்புத் தப்பினாலும் சிலை விற்காவிட்டாலும் உலோகத்தை எடைக்கு விற்கலாம் அல்லது உருக்கிக்கொள்ளலாம். அதில் உண்மையான நஷ்டம் சேதாரம் மட்டும்தான். உழைப்பில்தான் முழு நஷ்டம். அப்படியென்றால் பயப்படுகிறவரிடம் உலோகத்தைக் கேளுங்கள், துணிகிறவரிடம் உழைப்பில் பங்கு கேளுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே விகிதத்தில் லாபம் தரக் கூடாது. பயந்தவருக்கு உலோகம் திரும்பும், மேலே கொஞ்சம். துணிந்தவருக்கு விலையில் பங்கு.

இது எங்கள் தொழிலின் அட்வான்ஸும் எம்.ஜி.யும்தான். உலோகம் அட்வான்ஸ், உழைப்பு எம்.ஜி.

அரசலாறு

அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. கோயில் வார்ப்பில் ஊர் மக்கள் வந்து மூசையில் தங்கமும் வெள்ளியும் போடுவார்கள். தோடு, மோதிரம், கால்கொலுசு எல்லாம் போடுவார்கள். உலோகத்தை வெளியார் கொடுப்பது எங்கள் பட்டறைக்குப் பழகியதுதான். பூசைக்குப் போகாத உருவத்துக்கும் அதைக் கேட்கலாம் என்று யோசித்ததில்லை.

வெண்ணாறு

உலோகம் என் பொறுப்பு. கடைக்கு வரும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் காட்டுகிறேன். ஒரு வருஷம் என் கடையில் இருக்கட்டும். விற்றால் முதலில் உலோக விலை எனக்கு, அப்புறம் விற்பனைக் கமிஷன், மிச்சம் உங்களுக்கு. விற்காவிட்டால் எடை போட்டு உலோகத்தை எடுத்துக்கொள்கிறேன், இல்லை நீங்கள் அன்றைய விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: அளவைக் குறையுங்கள். மேசை மேல் நிற்கும் அளவு போதும். இது சலுகை இல்லை தம்பி, உங்கள் மெழுகு உருவத்தின் புகைப்படத்தைப் பார்த்தேன், அந்த இரண்டாவது பெண்ணின் திரும்பிய கழுத்து எனக்குப் பிடித்திருக்கிறது. அது விற்கும் என்று நம்புகிறேன்.

குடமுருட்டி

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் சிலை என்றால், பழம்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையின் சான்று வாங்கிவிடுங்கள். 1972 சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை வெளியே போகக் கூடாது, புதுச் சிலையையும் விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்பார்கள். வாங்குபவர் கையில் அந்தக் காகிதம் இருந்தால் விலையும் நிற்கும். பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது என்று ஒரு வரி கட்டாயம்.

தறிமேடை

உழைப்புப் பங்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய தொகை இல்லை. என் நெல்மணிக் கரைக்கும் ஒரு நாள் இப்படி நாலு பேரைத் தேடுவேன், அப்போது நீங்கள் வரவேண்டும்.

நாணல்தட்டை

நானும்.

அரசலாறு

அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். உலோகம் வெளியிலிருந்து வருகிறது என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "சேதாரம் யார் கணக்கு?" உருக்கும்போது துத்தநாகம் எரிந்து போகும், ஊற்றும் வாயிலும் குழலிலும் நிற்பதை வெட்டி எடுக்கும்போது கொஞ்சம் போகும், அரம் போடும்போது தூளாகப் போகும். கோயில் வேலையில் இதை முன்பே பேசிக் கழித்துவிடுவோம். வெண்ணாறு சார், உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்.

மேசை அளவுக்குக் குறைப்பதில் ஒரு சிக்கல். பெரிய அளவில் நாற்று முடியின் இலைகளுக்குத் தடிமன் இருந்தது. சின்னதாக்கினால் இலை மெலிந்து, உலோகம் நுனிவரை ஓடாமல் நடுவிலேயே உறைந்துவிடும். இலைகளைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே கட்டாக மெழுகில் பிடித்துவிட்டு, வார்த்த பிறகு உளியில் கோடு வெட்டிப் பிரிக்கலாம் என்று இருக்கிறேன். கட்டின் உச்சியில் காற்றுக் குழல் தனியாக வைக்கிறேன். புது மெழுகு இந்த வாரம் தொடங்குகிறேன்.

வெண்ணாறு

வார்ப்பில் போகிற சேதாரம் என் கணக்கு. அரம் போடுவதில் போவது உங்கள் கணக்கு, தூளைக் கூட்டி வைத்தால் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். வார்ப்புத் தப்பினால் இரண்டாவது ஊற்றுக்கும் அதே உலோகம், குறைகிற எடையை நான் போடுகிறேன். மூன்றாவது தடவை என்றால் உட்கார்ந்து பேசுவோம். பீடத்தின் அடியில் உங்கள் பெயரும் வருஷமும் வெட்டுங்கள்.

அரசலாறு

சம்மதம் சார். அப்பாவும் சரி என்றுவிட்டார். குடமுருட்டி, ஒப்பந்தத்துக்கு ஒரு மாதிரி எழுதித் தர முடியுமா? தமிழிலேயே இருக்கட்டும், அப்பா கையெழுத்துப் போடுமுன் படிக்க வேண்டும்.